‘நீட்ஃபுல்’ என்றால் எது?

இன்று காலை என் மேசைக்கு வந்த ஒரு மனு ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’, அதாவது ‘ஆவன செய்யவும்’, என்று முடிந்திருந்தது. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தவள், உன் நினைவு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

கோட்டைக்குப் பக்கத்து அலுவலகத்தில் நாம் எதிரெதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்த காலம். நான் கரமனைக்காரி, நீ நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவள். வடக்கே ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருக்கும் கண்ணூருக்கு எனக்கு மாற்றல் வந்தபோது மகளுக்கு ஆறு மாதம். தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். விட்டுப் போகவும் முடியாது, கூட்டிப் போனால் அங்கே பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. இரண்டு மனு கொடுத்தேன். இரண்டிலும் குடும்பக் கஷ்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதி, கடைசியில் அதே வாக்கியத்தைப் போட்டிருந்தேன். இரண்டும் ‘பார்த்தேன்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தன. கிளம்ப எட்டு நாள்தான் இருந்தது. கழிப்பறையில் நின்று அழுதுவிட்டு வந்த என்னிடம் நீ மனுவை வாங்கிப் படித்தாய்.

“ஏட்டி, உனக்கு என்னதான் வேணும்?”

“மாத்தலை நிறுத்தணும்.”

“அது இதுல எங்க இருக்கு?”

தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை என்றாய். செய்ய வேண்டிய வேலை இரு தரப்புக்கும் முன்பே தெரிந்திருந்தால் அது போதும். தெரியாதவரிடம் சொன்னால் வெறும் காற்று. காகிதத்தைச் சொருகி நீயே அடித்தாய்: ‘ப்ளீஸ் அலோ மீ டு ஸ்டே இன் திஸ் ஆஃபீஸ் ஃபார் ஒன் இயர்.’ அதிகாரியிடம் இப்படி நேராகக் கேட்டால் திமிர் என்று நினைக்கமாட்டாரா என்றேன்.

“கேக்கது திமிரில்ல, கேட்டியா. நமக்கு என்ன வேணும்னு அவரைத் தேட வைக்கதுதான் மரியாதைக்கேடு.”

ஒரு வருடம் கேட்டேன். ஒன்பது மாதம் கிடைத்தது. அதற்குள் மகள் சோறு தின்னப் பழகியிருந்தாள். பிறகு கண்ணூருக்கு அவளையும் தூக்கிக்கொண்டே போனேன். அங்கிருந்து உனக்கு எழுதிய கடிதங்களில் ‘விவரத்துக்கு எழுது’ என்று எல்லாரையும்போலப் பொத்தாம்பொதுவாக ஒருமுறைகூட எழுதவில்லை. ‘உன் இருமல் நின்றதா, வெள்ளிக்கிழமைக்குள் எழுது’ என்றுதான் எழுதினேன்.

அந்த இருமல்தான் கடைசியில் உன்னை மருத்துவமனையில் கிடத்தியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்ன வேண்டும் என்று கேட்க, நீ சிரித்து மழுப்பினாய். என்னிடம் மட்டும், “நாளைக்கும் வா. தலையை வாரி விடு. அழாதே” என்றாய். மூன்றில் இரண்டைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

போன மாதம் எனக்கு உடம்பு சரியில்லை. முன்பென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பேன், வீட்டுக்காரர் தானாகப் புரிந்துகொள்ளட்டும் என்று. இந்த முறை, “எனக்குப் பயமா இருக்கு, இன்னிக்கு ஆபீசுக்குப் போகாதீங்கோ” என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

கேட்கத் தெரிந்திருக்கிறது எனக்கு. பெரும்பாலும் கிடைத்தும்விடுகிறது.