நண்டு வளையும் நம் வீடும்

என் செல்ல மகள் யாமிலெத்துக்கு அம்மா ஒதிலா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் கோழிகளும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. மாட்ரிட் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதுதான் என் கவலை, சிறு வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும்.

போன தடவை போனில் நீ உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, உங்கள் கம்பெனியின் போன், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே சூழல்மண்டலம் என்று. நான் உம் கொட்டினேன், ஒன்றும் புரியவில்லை. அதே வார்த்தையைத்தான் வனத்துறைப் பெண்ணும் இங்கே சொல்லிக்கொண்டிருந்தாள். கைவிட்டுப்போன இறால் குட்டையில் சிப்பி பொறுக்கும் நாங்கள் பதினெட்டுப் பெண்கள் உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரக்கன்று நட்டது உனக்குத் தெரியும். வனத்துறையின் நிபந்தனை இதுதான்: இரண்டு வருடத்தில் கன்று பிழைத்தால் குட்டை எங்களுக்கு, இல்லாவிட்டால் பழையபடி இறால் முதலாளிக்கு. அப்புறம் நாங்கள் சிப்பிக்கு எங்கே போவது?

இதில் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நண்டு கன்றைக் கடிக்கிறது என்று குட்டையில் என் பொறுப்பில் விட்ட பாதியில் இருந்த நண்டையெல்லாம் பிடித்து ஒழிக்கச் சொன்னேன். மறுபாதிக்குப் பொறுப்பு உன் ஞானத்தாய் தெயானிரா. அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "ஏண்டி ஒதிலா, நாம பொறக்கறதுக்கு முன்னாடியே நண்டு இங்க இருக்கு, நீ என்ன அதுக்கு மேஸ்திரியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அவள் கன்று முழங்கால் உயரம் வந்தது. என் பக்கம் எல்லாம் மஞ்சளாகிப் பட்டுப்போனது, சேறு கறுத்து அழுகிய முட்டையாய் நாறியது. வனத்துறைப் பெண் வந்து ஏன் இப்படி என்று கேட்டாள். தெயானிராதான், "அந்தப் பக்கம் தண்ணி சரியா ஏறலம்மா" என்று எனக்காகப் பொய் சொன்னாள். அதைக் கேட்டு நிற்க முடியவில்லை, "நான்தான் நண்டைக் கொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் திட்டவில்லை. தெயானிரா பக்கம் போய் ஒரு நண்டு வளைக்குள் தோள் வரை கையை விட்டு, நண்டு இழுத்து வைத்திருந்த பழுத்த இலை ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இந்த ஓட்டை வழியாத்தான் சேத்துக்குள்ள காத்தும் தண்ணியும் போகுது ஒதிலாம்மா, இலை மக்கி மரத்துக்குச் சோறாகுது, அந்த மரத்தோட வேர்லதான் உங்க சிப்பி" என்றாள். நாற்பது வருடமாய் அந்தச் சேற்றில்தான் கிடக்கிறேன் மகளே, அன்றைக்குத்தான் அது மூச்சு விடுகிறது என்று தெரிந்தது.

அந்தப் பெண் இன்னும் ஒரு வருடம் தவணை எழுதிக் கொடுத்தாள். தெயானிராவும் நானும் வாளி வாளியாய் அவள் பக்கத்து நண்டை என் பக்கம் கொண்டுவந்து விட்டோம். நேற்று வலிக்கிற காலோடு மண்டியிட்டுப் பார்த்தேன், பதினொரு வளை இருந்தது. கோவிலில்கூட நான் அப்படி மண்டியிட்டதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நீ கிளம்பிய அன்று படகுத்துறையில், "ஒருத்தி போனா வீடு விழுந்துடுமா, போ" என்று கத்தினேன். நீ போனதும் தம்பி மரிம்பாக் கட்டைகளைத் தட்டி வாசிப்பதை நிறுத்தினான். அவன் நிறுத்தியதும் அக்கம்பக்கத்தார் சாயங்காலம் வருவது நின்றது. யாரும் வராததால் நான் தேங்காய்ப்பாலில் மீன் சமைப்பதையே விட்டுவிட்டேன். நான் சொன்னது தப்பு யாமிலெத். நண்டு விஷயத்தில் போலவே தப்பு.

திரும்பி வா என்று கேட்கவில்லை, உன் பிழைப்பு அங்கே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது தம்பியைக் கூப்பிட்டு மரிம்பா வாசிக்கச் சொல்லிக் கேள், நீ கேட்டால் வாசிப்பான். நான் மீனுக்குத் தேங்காய் துருவி வைக்கிறேன்.

கன்னிமரியாள் உன்னைக் காக்கட்டும். காதை மூட மறக்காதே.

உன் அம்மா,
ஒதிலா