தண்ணீர் நின்றதைச் சொல்ல ஓர் ஆள்

அங்கிள்,

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் டீ புங்குஸ், அதாவது பொட்டல டீ, வாங்கினேன். பிளாஸ்டிக் பையின் ஓரத்தைச் சிவப்புக் கயிற்றால் இறுக்கி, விரலில் மாட்ட ஒரு வளையம் விட்டுக் கொடுத்தார் கடைக்காரர். அதே மாதிரி வளையம் என் கருவிப் பையில் கிடக்கும் தெர்மாமீட்டரிலும் இருக்கிறது. நீங்கள் கட்டியது. இதை எழுத வேறு காரணம் இல்லை.

நாம் சந்தித்ததே சண்டையில். கிள்ளானில் நீங்கள் தங்கியிருந்த முதியோர் இல்லத்தில், குளிக்கும்போது ஒருவருக்குக் கால் வெந்து கொப்புளம் கண்டிருந்தது. சர்க்கரை நோயாளி. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. இல்லத்தை நடத்தும் சரோஜா அக்கா குழாய் வேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டார். தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது யார் என்று கேட்டேன். எல்லோரும் உங்களைக் காட்டினார்கள்.

சாப்பாட்டுக் கடை வைத்துக் காலமெல்லாம் டீ ஆற்றியவர் நீங்கள். சூடு பார்க்க அந்தக் கையை விட்டால் வேறு கை இல்லை என்று அந்த வீடு நம்பியது. காலையில் நீங்கள் ஷவரில் கையை நீட்டி "ம், போகலாம்" என்ற பிறகுதான் மற்றவர்கள் குளிப்பார்கள். என் முன்னாலும் நீட்டினீர்கள். "இளஞ்சூடுதான் தம்பி." நான் தெர்மாமீட்டரை வைத்தேன். ஐம்பத்தாறு டிகிரி.

"அங்கிள், உங்க கை மரத்துப் போச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியல."

"இந்தக் கை ஆத்துன டீயைக் குடிச்சு எவனும் வாய் வெந்துச்சுன்னு சொன்னதில்ல."

"டீயை ஊதிக் குடிக்கலாம். குளிக்கிறவன் ஊதி ஊதியா குளிப்பான்?"

சரோஜா அக்கா சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டு அறைக்குள் போனீர்கள். "ஏன் தம்பி இப்படிப் பேசுறீங்க? அவரு காலையில எழுந்திரிக்கிறதே இதுக்குத்தான்" என்றார் அக்கா. நான் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அடுத்த முறை நான் வந்தபோது வெயில் ஏறிய பிறகும் உங்கள் அறைக் கதவு சாத்தியே இருந்தது.

குறை உங்கள் கையில் மட்டும் இல்லை. கூரையில் சோலார் ஹீட்டர். நல்ல வெயில் அடித்த நாளில் தொட்டி கொதிக்கும். பச்சைத் தண்ணீர் நேராகத் தெருக் குழாயிலிருந்து வந்தது. நம் ஊர்த் தண்ணீர்த் தடை பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் நின்றதும் பச்சைத் தண்ணீர் போய்விடும், கூரையிலிருந்து சுடுநீர் மட்டும் இறங்கும். சாதாரணக் குழாய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது. திருப்பி வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்.

"ஹீட்டரையே குறைச்சு வச்சா முடிஞ்சுதே?" என்றார் அக்கா. முடியாது. வெதுவெதுப்பாகக் கிடக்கும் தண்ணீரில் கிருமி வளரும். தொட்டி சூடாகவே இருக்க வேண்டும். குளிக்கும் இடத்தில் கலந்து குறைக்க வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டிக் வால்வு போட்டேன். உள்ளே இருக்கும் மெழுகு சூட்டுக்கு ஏற்றபடி விரிந்து சுருங்கி இரண்டு வழியையும் சரி செய்துகொண்டே இருக்கும். பச்சைத் தண்ணீர் நின்றால் சுடுநீரையும் அதுவே அடைக்க வேண்டும். அடைக்காத சாமான்களும் கடையில் கிடைக்கும். அவற்றை நான் தொடுவதில்லை.

அடைக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். பச்சைத் தண்ணீர்க் குழாயை மூடும் இடம் வெளியே, ஷவர் உள்ளே. நான் தனியாக வந்திருந்தேன். நீங்கள் ஒருவழியாக அறையை விட்டு வந்து நடையில் நின்று முறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அங்கிள், சும்மாதானே நிக்கிறீங்க? உள்ள போய்ப் பாருங்க. தண்ணி நின்னா சொல்லுங்க."

மூடினேன். ஒன்றும் கேட்கவில்லை. பொறுமை போய் நான் கத்தவிருந்த நேரத்தில் உங்கள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "நின்னுருச்சு லா! ஒண்ணு கோவிச்சுக்கிட்டுப் போச்சு, இன்னொண்ணும் பின்னாலயே போயிருச்சு!"

என் பழைய தெர்மாமீட்டரை உங்களிடம் விட்டுவிட்டு வந்தேன். பாவப்பட்டு இல்லை, தினமும் யாராவது பார்க்கத்தான் வேண்டும், உங்களுக்கு வேறு வேலை இல்லை. அதில் டீப் பொட்டலக் கயிற்றைக் கட்டி விரலில் மாட்டிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து என் கைப்பேசிக்கு நிம்மதி இல்லை. "கடைசி ரூம்புல ரெண்டு டிகிரி ஏறிருச்சு, நீ என்ன தூங்குறியா?" பாதி நாள் ஏறியிருக்காது. கண்ணாடி போடாமல் பார்த்திருப்பீர்கள்.

பிறகு அந்தத் தண்ணீர்த் தடை. திரும்பி வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டீர்கள். "பச்சைத் தண்ணிய மூடிப் பார்த்தோம். சுடுதண்ணி நிக்கல. ஒழுகுது."

"செலாயாங்ல இருக்கேன் அங்கிள். நாளைக்கு வரேன்."

"நாளைக்கு வா. அதுவரைக்கும் ஒருத்தனையும் உள்ள விட மாட்டேன்."

மத்தியானம் அக்காவிடமிருந்து புகார் வந்தது. குளியலறைகளுக்குப் போகும் வழியை மறித்து நாற்காலி போட்டு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களாம். வெந்நீர் இல்லாமல் குளிக்கவே மாட்டீர்கள். அன்று தோட்டத்துக் குழாயடியில் குளித்து, நடுங்கிக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போனீர்களாம். போகும்போது அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யாரை? கால் வெந்தவரை.

நான் சாயங்காலமே வந்துவிட்டேன். வால்வைக் கழற்றினால் வடிகட்டியில் சேறு. உள்ளே அடைக்கும் இடத்தில் மணல் துகள் சிக்கியிருந்தது. தண்ணீர் மறுபடி நின்றிருந்தால் சுடுநீர் நிற்காமல் வந்திருக்கும். கழுவி மாட்டி, திரும்பச் சோதித்தோம். நின்றது.

"காவலுக்கு உக்காந்து ஜாகா வேலை பார்த்திருக்கேன். சம்பளம் எங்க?" என்றீர்கள்.

"டீ வாங்கித் தரேன்."

"இங்க எவனுக்கும் டீ போடத் தெரியாது. வேணாம்."

சிறுநீரகம் கைவிட்டு நீங்கள் போன நாளில் நான் பந்திங்கில் வேலையாக இருந்தேன். உங்கள் வழக்கப்படி அன்றே அடக்கம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வடிகட்டிகளைக் கழுவப் போனபோது அக்கா தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்தார். வால்வுகள் ஒழுங்காக இருந்தன.

பிரிக்பீல்ட்ஸ் டீயைக் குடித்துவிட்டு இன்று ஸ்ரீ கெம்பாங்கானில் இன்னொரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். இப்போது என் வேலையாளையே உள்ளே நிறுத்திச் சோதித்துவிடலாம். செய்வதில்லை. அந்த வீட்டிலேயே குளிக்கிற ஒருவர் நின்று, பார்த்து, சொல்ல வேண்டும். இன்று நின்றது ஓர் ஆன்டி. வெளியே குழாயை மூடிவிட்டுக் கேட்டேன்.

"நின்னுருச்சா ஆன்டி?"

"எப்பவோ நின்னுருச்சு! நீ ஏன் இப்படிக் கத்துற?"

அவருக்குப் புதிய தெர்மாமீட்டர் ஒன்று கொடுத்தேன். உங்களுடையதைக் கொடுக்க மனம் வரவில்லை. காலையில் வாங்கிய டீயின் சிவப்புக் கயிறு சட்டைப் பையில் இருந்தது. அதைக் கட்டிக் கொடுத்தேன். உங்கள் முடிச்சு எனக்கு வரவில்லை, அங்கிள். அவிழ்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த ஆன்டியே பிடுங்கிக் கட்டிக்கொண்டார்.