ஹலீம் நானா கொடுத்த ஐந்து

ஜூலை 1, செவ்வாய்

பல்கலைக்கழகத்தில் படிக்கிற நிரோஷினி என்ற பிள்ளை கடைக்கு வந்தாள். ஒரே வியாபாரம் செய்கிற பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள், கேட்காமலே ஒருவருக்கொருவர் எவ்வளவு உதவுகிறார்கள் என்று அளக்கிறாளாம். உதவியையும் அளப்பார்களா? எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனாலும் வாய் ஓயவில்லை. நானும் பக்கத்துக் கடை ஹலீம் நானாவும் விற்பது ஒன்றுதான் - நூல், பட்டன், சிப், லேஸ். வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போனால், அவர் கடைக்குள் போய் அவர் சாமானை எடுத்து விற்று, காசை அவர் மேசை லாச்சியில் போடுவது நான். தீபாவளிக்கு நான் கோயிலுக்குப் போய் வரும்வரை என் கடையில் அவர் நிற்பார். "அவரு யாவாரத்துல நான் ஒரு நாளும் கை வச்சதில்ல" என்று மார்தட்டினேன்.

நானாவுக்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி என்றாள். நாலு என்றேன். ஐந்து கொடுக்க ஏனோ மனம் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

செய்துவிட்டேன்.

நானா ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போன நேரம் புசல்லாவையிலிருந்து டெய்லர் மயில்வாகனம் வந்தார். பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழுவுக்கு உடுப்புத் தைக்கிறாராம், பெரிய ஓடர். வருசக்கணக்காக நானாவின் ஆள். நான் அந்தக் கடைக்குள் போய் மெரூன் லேஸை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். "நானாகிட்ட அந்தக் கலர் முடிஞ்சிருச்சு. நம்மகிட்ட இருக்கு" என்றேன். அவரும் என்னிடமே வாங்கிப் போனார்.

எப்படி வந்தது அந்தப் பொய்? போன மாதம் முழுக்க ஈயோட்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான். அதனால் மட்டும்தானா? அவர் கடையில் ஆள் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நானா திரும்பி வந்து யாராவது வந்தார்களா என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை என்றேன்.

ஜூலை 5

சோறு இறங்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

நிரோஷினி இன்று நானாவின் கடைக்குப் போனாள். நடுவில் ஒரு பலகைதான், எல்லாம் கேட்டது. என் உதவிக்கு எத்தனை என்றாள். ஐந்து என்றார். யோசிக்கக்கூட இல்லை. அவர் மகள் ருஷ்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் இரண்டு கடையையும் பார்த்ததைச் சொன்னார். நானே மறந்துபோன விசயம்.

லேஸைச் சுற்றி வைத்தேன். சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினேன். பாவி நான்.

ஜூலை 8

நிரோஷினியை வீதியில் மறித்து, என் புள்ளியைக் குறைத்துப் போடச் சொன்னேன். உதவி செய்தவர் சொல்வது அளவில் சேராதாம், பெற்றவர் சொல்வதுதான் கணக்காம். "ஒங்களுக்கு ரொம்பத் தன்னடக்கம், ஆன்ட்டி" என்று வேறு சொன்னாள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன். நானாவுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு போய், டெய்லர் வந்ததையும் நான் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

நானா பட்டன் பெட்டியை மூடினார். "தெரியும் தங்கச்சி. என்ட கடையில மெரூன் லேஸ் முடிஞ்சிட்டாமேன்னு டெய்லர் அன்டைக்கே எனக்குப் போன் எடுத்தாரு."

அப்படியென்றால் திங்கட்கிழமை தெரிந்துகொண்டேதான் ஐந்து கொடுத்தாரா? ஏன் நானா என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள கேட்டது நீங்க செஞ்ச ஒதவிய. மத்ததக் கேக்கல்லயே."

குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் - திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் பிளேன்டீயைக் குடித்து முடித்தார்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்மா நேரம். நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் வழக்கம்போல எழுந்து அவர் கடைப் பக்கம் போனேன்.

அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "வெயிலா இருக்கு, உள்ளுக்கு இரிங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடந்தார்.