அப்பா கையில் ஒட்டிய சென்சார்

அன்புள்ள எப்சிக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இரும்புலியூரில் இரண்டு நாளாக மழை, மாடியில் காயப்போட்ட வத்தல் எல்லாம் போச்சு. ஒரு விஷயம் ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய சர்க்கரை பார்க்கும் சென்சாரை அப்பா கையில் ஒட்டிய நாளிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. முப்பத்திரண்டு வருஷமாக அவர் முகம் வெளுத்தாலும் பேச்சு குழறினாலும் முதலில் கண்டுபிடிப்பது நான்தான். இப்போது அவர் ஃபோனில் இருக்கும் ஆப் வழியாகச் சர்க்கரை அளவு உனக்கு வந்துவிடுகிறது, குறைந்தால் உன் ஃபோனில் அலாரம் அடிக்கிறது. நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் அங்கிருந்து நீ கூப்பிட்டு, எழுபதுக்குக் கீழே போகுதுப்பா, ஜூஸ் குடிங்க என்கிறாய். அவரும் சர்ச்சில் எல்லோரிடமும் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, என் மகள்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்கிறார். பக்கத்தில் நிற்கிற நான் யார்? ஒரு ரூபாய்க் காசு அளவு பிளாஸ்டிக் மேல் எனக்குப் பொறாமை, உன் மேலும்தான்.

போன செவ்வாய் மதியம் அவர் குளிக்கப் போனபோது அவர் ஃபோனை அணைத்து, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன், ஒரு நாளாவது நான் பார்த்துக்கொள்ளலாமே என்று. நீ என்னைக் கூப்பிட்டுக் கேட்டதற்குச் சார்ஜ் இல்லை என்றேனே, அது பொய். அவர் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், எனக்குக் குழம்பு இறக்கத் தாமதமாகிவிட்டது. உம்மென்று இருந்தவரை, ஃபோன் காணாத கோபம் என்று நினைத்து நானும் வீம்பாகத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டு வைக்கப் போனால் சட்டையெல்லாம் வேர்வை, கண் எங்கேயோ நிற்கிறது. என்னைப் பார்த்து, "எப்சி, அம்மாவைக் கூப்பிடும்மா" என்றார். சர்க்கரையைக் கரைத்துப் புகட்டினேன், கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

நேற்று அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் என் ஃபோனை வாங்கிப் போய்ப் பக்கத்து வீட்டு பிளஸ்ஸியிடம் அந்த ஆப்பைப் போட்டு வாங்கி வந்தார். இனி உன் ஃபோனில் அலாரம் அடிக்கும்போது என் ஃபோனிலும் அடிக்கும். நீ கூப்பிடுவதற்குள் நான் ஜூஸோடு நிற்பேன், சொல்லிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு. கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. சென்சார் இன்னும் மூன்றுதான் இருக்கிறது, மறக்காமல் அனுப்பு. கூப்பிடும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேள், என் கையில் எதுவும் ஒட்டியில்லை, நீ கேட்டால்தான் தெரியும்.

உன் அம்மா,
ஞானசௌந்தரி ஐசக்