வாசலில் சவம்நாறிப் பூ

ஜனவரி 15, புதன்

காலையில் லேசான பனி. எட்டு மணிக்கே வெயில். என் வாசல் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாயிற்று. பதினேழு செடி. ரோஸ் நிறம் பன்னிரண்டு, வெள்ளை ஐந்து. எல்லாம் பூத்திருக்கின்றன.

எதிர்வீட்டு மாதவன் சார் நடந்துவிட்டு வரும்போது நின்றார். அவர் தோட்டத்தில்தான் பதினோரு வருடமாக என் வேலை.

"சுடலே, ஞாயிறாழ்ச்ச மோளைப் பாக்க பையன் வீட்டுக்காரங்க வரும். அதுக்கு முன்னே இந்தச் சவம்நாறி எல்லாம் பறிச்சுக் களயணம், கேட்டோ."

இங்கே மலையாளத்தில் அதற்கு அந்தப் பேர். கல்லறைப் பக்கம் யாரும் நடாமலே முளைத்துக் கிடக்கும். வாசலில் நின்றால் துக்கம் வரும் என்று ஒரு எண்ணம். எங்கள் ஊர்ப் பக்கம் நித்தியகல்யாணி. அதையும் சொன்னேன்.

"நித்தியம் கல்யாணமோ? என்டெ மோளுக்கு ஒரு கல்யாணம் மதி, அது போதும்."

"பார்க்கலாம் சாரே" என்று சொல்லிவிட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாளை சொல்ல வேண்டும்.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம். எழுபது வயதுக்கு மேல் மகள் ராணி எழுத்துப் பழக்கினாள். அவள் பேரில் வரும் 'ணி' எழுதும்போது ஒவ்வொரு தடவையும் சந்தோஷம்.

ஜன. 16, வியாழன்

சொல்லிவிட்டேன். ஆந்தூரியத் தொட்டிக்கு மண் மாற்றிக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட அது எளிது.

"சாரே, அதப் பிடுங்க மாட்டேன்."

"அது சுடுகாட்டுப் பூவாணு."

"எம் பேரு என்ன?"

"சுடலமுத்து. அதுக்கு?"

"சுடலன்னா சுடுகாடுதான சாரே. பதினோரு வருசமா காலங்காத்தால உங்க வாசல்ல நின்னு நீங்கதான அதச் சத்தமாக் கூப்பிடுதிய. ஒண்ணும் ஆவலியே."

உள்ளே சரளா சேச்சி சிரித்துவிட்டார். அதுதான் காரியத்தைக் கெடுத்தது. மனைவி சிரித்ததும் சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கில் திங்களாழ்ச்ச தொட்டு நீ வரண்டா."

திங்கள் முதல் வேலை இல்லை. பிடுங்கினால் உண்டு.

ராணி ஹோட்டல் வேலை முடிந்து வந்தாள். சொன்னேன்.

"நாலு செடிக்காவ வேலையத் தொலைச்சிட்டு நிக்கிய? இந்த வயசுல வேற யாருப்பா கூப்பிடுவா?"

"பதினேழு செடி" என்றேன். அவள் தட்டு வைத்த சத்தத்தில் பூனை ஓடிவிட்டது.

ஜன. 17, வெள்ளி

இந்தத் தெருவில் அடுத்தவர் சொல்லி நான் பிடுங்கியவை:
எருக்கு.
உண்ணிச் செடி.
கோழிக்கொண்டை. டாக்டர் வீடு. பார்த்தால் இறைச்சிக்கடை ஞாபகமாம். எனக்கு அந்தப் பூ மிகவும் பிடிக்கும்.
செண்டுமல்லி. மூலை வீடு. வாடை ஆகாதாம். அடுத்த வீட்டில் செண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.
முருங்கை. முன்பக்கம் கூடாதாம்.

சரி, அவரவர் தோட்டம். நான் வாதாடியதே இல்லை. ஆந்தூரியம் எனக்குப் பிடிக்காது. மெழுகில் செய்து நடுவில் ஒரு விரலை நட்டது போல இருக்கும். பதினோரு வருடம் இலை இலையாகத் துடைத்திருக்கிறேன். பிடிக்காது என்று சாரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

என் வாசலில் மண் ஒரு முழ அகலம். வாடகை வீடுதான். ஆனாலும் எனக்குப் பிடித்ததை நான் நட்ட முதல் மண் இது. ஆடு தின்னாது, வெயிலுக்கு வாடாது, சிமெண்டு வெடிப்பிலும் வரும், தினமும் பூக்கும். இதில் என்ன குற்றம்?

ஜன. 18, சனி

மாலை ஐந்து மணிக்குச் சேச்சி நான்கு ஆந்தூரியத் தொட்டிகளைக் கொண்டுவந்து என் செடிகளுக்கு முன்னால் வரிசையாக வைத்தார்.

"ஒரு நாளைக்கு மதி அண்ணாச்சி. மறைஞ்சு நிக்கட்டும்."

அவர் போனதும் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்தேன். ஐந்தரைக்கு மறுபடி இங்கே. ஆறுக்கு மறுபடி அங்கே. இடுப்பு வலி. ஒரு ஆந்தூரியப் பூ ஒடிந்தது. யார் கையில் என்று எழுதப்போவதில்லை.

ஜன. 19, ஞாயிறு

சார் தன் காரை எடுத்து என் வாசலை மறைத்து நிறுத்தினார். பத்தரைக்குப் பையன் வீட்டு வண்டி இரண்டு வந்தது. சந்தில் இடமில்லை. ஹாரன். சார் தானே ஓடிவந்து தன் காரை எடுத்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனார். பதினேழும் பளிச்சென்று தெரிந்தன.

நான் வெளுத்த சட்டை போட்டுப் பக்கத்தில் நின்றேன். யாராவது கேட்டால் பதில் தயார்.

பதினோரு பேர் கடந்து போனார்கள். பையன் போனைப் பார்த்துக்கொண்டு போனான். ஒரு பெரியம்மா குனிந்தார். செருப்பு வாரைச் சரிசெய்ய. ஒருவர்கூடப் பூவைப் பார்க்கவில்லை.

சார் பயந்ததும் வீண், நான் நின்றதும் வீண். முகம் சுளித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜன. 20, திங்கள்

ஏழு மணிக்கு மண்வெட்டியை எடுத்தேன். ஞாபகம் வந்து வைத்தேன். எதிரே சார் ஹோஸ் பிடித்து ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் அடிக்கிறார். அவ்வளவு கூடாது. சொல்லவில்லை.

விதை எடுத்தேன். சுவர் ஓரம் முழுக்கத் தூவிவிட்டேன். இனி பதினேழு இல்லை.

ஜன. 24, வெள்ளி

சம்பந்தம் நடக்கவில்லை. என் பூவால்தான் என்று சார் டாக்டரிடம் சொன்னாராம். ராணி கேட்டு வந்து அழுதாள்.

மாலையில் சாரின் மகள் திவ்யா ஸ்கூட்டரை நிறுத்தினாள். "ஞான்தான் வேண்டாம்னு பறஞ்சது. பூ அல்ல. அச்சன்கிட்டயும் சொல்லியாச்சு."

அதை ராணியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஜன. 29, புதன்

மேகம். சார் ஒரு ஆர்க்கிட் தொட்டியோடு வந்தார். என் செடிகளுக்கு நடுவில் இறக்கி வைத்தார். இலை மஞ்சள். வேர் கறுப்பு.

"வெள்ளம் கூடிப்போயோ?"

"தண்ணி கூடிப்போச்சு சாரே. அழுகிட்டு."

நின்றுகொண்டே இருந்தார்.

"நாளை வருமோ?"

"வாறேன். ஆனா பூ இங்கதான் நிக்கும்."

"பூவைப் பற்றி ஞான் ஒண்ணும் கேட்டில்லல்லோ."

"நான் சொல்லுதேன்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆர்க்கிட்டின் அழுகிய வேரை வெட்டிக் காய வைத்திருக்கிறேன். பிழைக்கும்.

நாளை போவேன். வழக்கமாக ஏழு மணி. எட்டு மணிக்குப் போவேன்.