சினிமா பிலிமில் ஒரு கல்யாணம்

மார்ச் 4

படப்பிடிப்பில் மிஞ்சிய சினிமா பிலிமை ஒரு தகர டப்பாவோடு கொண்டுவந்து வைத்தான் கொழுந்தன். உதவி கேமராமேனுக்கு இதுதான் போனஸ் போலிருக்கிறது. "உங்க பழைய ஸ்டில் கேமராவுக்கும் இதே அகலம்தான் அண்ணி. வெட்டிச் சுத்திப் போட்டா ஓடும்."

ஒரே தொல்லை, இதன் முதுகில் கரிப்பூச்சு இருக்கிறது. ஸ்டூடியோ மெஷினைப் பாழாக்கிவிடும் என்று யாரும் கழுவித் தர மாட்டார்கள். நானேதான் கழுவ வேண்டும். நாளெல்லாம் குடிநீரைச் சோதிக்கிறவளுக்கு சோடாக் கரைசல் என்ன புதிதா?

மார்ச் 10

சோதனைச் சுருள். சோடா கலந்த வெந்நீரில் குலுக்கிக் கொட்டினால் — மை! கழுவுதொட்டி முழுக்க மை. "வீட்டு ஓனருக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று என் கணவர் நகர்ந்துவிட்டார்.

ஆனால் படங்கள் வந்துவிட்டன. கொடிக்கயிறு, பூனை, அவருடைய வழுக்கை. வழுக்கையின் மேல் விழுந்த வெளிச்சம் பிரமாதம்.

மார்ச் 15

வரும் 24-ஆம் தேதி தங்கைக்குக் கல்யாணம். நாற்பத்து நான்கு வயதில். பதிவு அலுவலகத்தில், நெருங்கியவர்கள் மட்டும். ஆள் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனவள் பல்லோடும் வந்தாள், ஆளோடும் வந்தாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார். பல்லைக் காட்டுவது தொழிலோ என்னவோ. எனக்கு இப்படிப்பட்டவர்களிடம் நம்பிக்கை வருவதில்லை. 'மாப்பிள்ளை' என்று கூப்பிட வாய் வரவில்லை, தங்கையிடம் பேசும்போதும் 'பல் டாக்டர்'தான்.

தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள்: "யாரும் செல்போனை எடுக்கக் கூடாது. நீ எடுக்கறதுதான் கல்யாணப் படம். அந்த சினிமா பிலிம்ல."

"விளையாடாதடி. சரியா வரலைன்னா?"

"மாமா வழுக்கையையே அழகாக் காட்டினியே, என்னைக் காட்ட மாட்டியா?"

மார்ச் 21

குளியலறையில் விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, கல்யாணத்துக்கு இரண்டு சுருள் சுற்றினேன். தொடங்கும்போதே என் கணவர் கதவைத் தட்டினார்.

"திறந்துடாதீங்க! கல்யாணமே போயிடும்!"

"யாரோடது?"

பதற்றத்தில் டப்பா உருண்டது. இருட்டில் தடவி எடுத்து வைத்துச் சுற்றி முடித்தேன்.

மார்ச் 24

ஆயிற்று. கையெழுத்துப் போடும்போது தங்கையின் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் போலவே. எடுத்துவிட்டேன்.

மார்ச் 25

ஒன்றுமே இல்லை. இரண்டு சுருளும் வெறுமை.

அதே நாள், மாலை

ஓரத்தில் கம்பெனி பதித்த எண்கள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. அப்படியானால் கழுவியது சரி. வெளிச்சம்தான் படவில்லை. உருண்ட டப்பாவைத் திருப்பி வைத்துச் சுற்றியிருக்கிறேன். கல்யாணம் முழுக்க லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது கரிப்பூச்சு.

எப்படிச் சொல்றது? என்னத்தச் சொல்றது? ஒரு வழுக்கையை ஒழுங்கா எடுத்ததும் தலைகால் புரியல எனக்கு.

மார்ச் 26

சொல்லிவிட்டேன். தங்கைக்குக் கண் கலங்கியது. "ஒண்ணு கூடவாக்கா?" அவ்வளவுதான் கேட்டாள்.

பல் டாக்டர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார் — எனக்கு. "கல்யாணம் ஆயிடுச்சுல்லக்கா? படம்தானே ஆகல. அதே சட்டை இருக்கு, அதே ஆபீஸ் படி இருக்கு, மறுபடி போவோம். எப்படியும் அன்னைக்கு நான் கண்ணை மூடிட்டுதான் இருந்திருப்பேன்."

அழுகைக்கு நடுவில் தங்கை சிரித்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆளால் இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

மார்ச் 29

இம்முறை பிலிம் நுனியை ஈர உதட்டில் வைத்துப் பார்த்தேன். படம் பதியும் மருந்துப் பக்கம் ஒட்டும், கரி ஒட்டாது. ஒட்டியது. கதவுக்குக் காவல், என் கணவர்.

மார்ச் 31

கல்யாண உடையில் இருவரையும் கண்டதும் பதிவு அலுவலகக் காவலாளியின் முகம் வாடிவிட்டது. "போன வாரம்தானே வந்தீங்க? அதுக்குள்ளயா? ரத்து பண்றது பக்கத்துக் கட்டிடம்ங்க."

தங்கை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்ததால் கேமராவைப் பல் டாக்டரிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 2

எல்லாம் வந்துவிட்டன. தங்கை ஒவ்வொன்றிலும் அழகு. பல் டாக்டர், சொன்னபடியே, ஒவ்வொன்றிலும் கண்ணை மூடியிருக்கிறார்.

கடைசிப் படம் அவர் எடுத்தது. கோணல். ஃபோகஸ் காவலாளி மேல். பின்னால் படியில் நாங்கள் இருவர். தங்கை வாயைப் பொத்தியிருக்கிறாள், நான் பொத்தவில்லை. கடைவாய்ப் பல் வரை தெரிகிறது. நான் இப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது. கூடத்தில் மாட்ட அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

போனில் தங்கையிடம் சொன்னேன்: "மாப்பிள்ளையைக் கேமராவை நேராப் பிடிக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமை வந்தா சொல்லித் தர்றேன்."



"யாரைக்கா?" என்றாள்.