பசாமுக்கு ஆடிய பிள்ளைகள்

லா சப்பல், 1988

என் அன்பு அண்ணைக்கு,

நேற்று உங்கள் ஆத்தும சாந்திக்கான முப்பத்தோராம் நாள் பூசை. சனம் கோயிலின் கீழ் மண்டபத்தில் சாப்பிட்டுப் போனபிறகு பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். அப்போது நதாலி வந்தாள். நம் செபம் முடியும்வரை வாசலில் காத்திருந்து, பிறகு அட்டைப்பெட்டிகளைத் தரையில் விரித்து, கூட்டாளிகளோடு தலைகீழாகச் சுற்றி ஆடுவாளே, அவள்தான்.

"தபசு காலத்திலை கோயிலுக்குக் கீழை கூத்தோ?" என்று கொதித்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, சுவாமியாருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதியது நான். அடுத்த கிழமையே அவர்களை நிறுத்திவிட்டார். இப்போது ரயில் பாதையோரத்து வெறுங்காணியில் ஆடுகிறார்கள், அதுவும் மழை விட்டால்தான்.

விட்டுப்போன அட்டைகளை எடுக்க வந்தவள், உங்கள் படத்தைக் கண்டு நின்றுவிட்டாள். "மதாம், இவருடைய குரல் எங்களிடம் இருக்கிறதே!"

கையிலிருந்த கசெற் பெட்டியின் பொத்தானை அமத்தினாள். அண்ணை, நீங்கள்! இயேசுவின் பாடுகளை இழுத்திழுத்துப் பசாம் படிக்கிறீர்கள். வாசலில் நின்று பதிந்தார்களாம். நம் வீட்டில் உங்கள் குரல் ஒரு துண்டுகூட இல்லை. அழுதுவிட்டேன்.

நடுவில் பசாமை நிறுத்திக் கத்துகிறீர்கள்: "பிள்ளை, கதவைச் சாத்து! உந்தக் காவாலியள் இஞ்சை வரக்கூடாது!" அந்த வரியைத்தான் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஆடுகிறார்களாம்.

"அது என்ன செபம், மதாம்?"

பொய் சொல்லியிருந்தால் கசெற்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன், கடிதம் எழுதியதையும் சேர்த்து. அவள் கசெற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அட்டைகளைக்கூட எடுக்கவில்லை.

ஒன்று கேட்கவேண்டும் அண்ணை. கதவைச் சாத்தச் சொன்னபிறகு உங்கள் பசாம் கொஞ்சம் வேகமாகப் போகிறது. வெளியே அவர்கள் கைதட்டுவதும் கேட்கிறது. உங்களை அறியாமலே அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டீர்களா? அறிந்தேதானா? அதற்குத்தான் அவ்வளவு கோபமா?

திங்கட்கிழமை சுவாமியாரிடம் போகிறேன். நான் எழுதியது பிழை, மண்டபத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பேன். கசெற்றைத் தருவாளோ தெரியாது. தராவிட்டாலும் கேட்பேன். நீங்கள் ஏசுவீர்கள். ஏசுங்கள் அண்ணை, இனி உங்கள் ஏச்சைக் கேட்பதென்றாலும் நான் அந்தப் பிள்ளைகளிடம்தான் போகவேண்டும்.

உங்கள் சொல்லை இந்த ஒருமுறை மட்டும் தட்டுகிற
தங்கச்சி மேரி